அச்சில் வராத முகம்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பொம்மை பிறப்பது பாரிஸ் சாந்து அச்சில். கரைத்த களிமண்ணை ஊற்றியதும் அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மண் உட்புறத்தில் படிந்து இறுகும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையை வெளியே எடுத்து, ஒட்டுத் தடத்தை ஈரப் பஞ்சால் தேய்ப்பார்கள். காய்ந்து, சூளையில் வெந்து, வண்ணமும் ஏறிய பிறகுதான் கண் திறப்பு. ஒரே அச்சில் வந்த முகங்களில் ஒன்று சிரிப்பதும் இன்னொன்று முறைப்பதும் அந்தத் தூரிகைக் கோட்டால்தான்.

மனித உருவ ஓவியத்தைப் பார்க்க எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி இந்த வேலையைக் கவனித்ததுதான்.

அச்சுக்கு அடங்காத முகங்களைத் தேடிப் போனவர் ஓவியர் எஸ். இளையராஜா. கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பில் கிராமத்துக்காரர். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர். மாநிறப் பெண்கள், பித்தளைப் பாத்திரம், ஜன்னல் வழியே சரியும் வெயில் என்று நம் வீட்டையே வரைந்தார். புகைப்படம் என்று நம்பிப் பகிர்ந்தவர்கள் ஏராளம். 2021 ஜூன் 6 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது.

அவருடைய படத்தில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் பாதி நஷ்டம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, தோளில் எங்கே மங்குகிறது, நிழலுக்குள் என்ன நிறம் என்று தேட வேண்டும். அடுத்து, கைகள். விரல் மடிப்பில் தடுமாறாத ஓவியரை நம்பலாம்.

வாங்க நினைப்பவர்கள் படத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் நின்று பாருங்கள். தைல வண்ணம் என்றால் பொதுவாகத் தூரிகைத் தடம் மேடுபள்ளமாகத் தெரியும். கேன்வாஸில் அச்சடித்த பிரதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் புள்ளி புள்ளியாக இருக்கும். ஊடகம், அளவு, வரைந்த ஆண்டு, கையெழுத்து நான்கும் ரசீதில் இருக்கட்டும். வீட்டில் நேர்வெயில் படும் சுவரும் ஈரத்துணியும் படத்துக்கு ஆகாது.

விலையில் பேரம் பேசுமுன் ஒன்றை யோசிக்கலாம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கேலரியின் துணையில்லாத தனி ஓவியருக்கு இன்றும் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை, ஓவியத்துக்கு மிச்ச நேரம் என்பதுதான் நிலைமை.

படத்தை வாங்கியவருக்கு அதை அச்சடித்து விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துமூலம் மாற்றித் தந்தால்தான் அந்த உரிமை கைமாறும். மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதில் பங்கு பெறவும் ஓவியருக்கு இதே சட்டம் வழி வைத்திருக்கிறது.

வாங்க வசதி இல்லாதவர்கள், வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் பகிரும்போது வரைந்தவர் பெயரை வெட்டாமல் அனுப்புங்கள்.