தோட்டா நிரப்பக் கற்பவர் முதலில் எந்த நூலை வாங்குவது?

ஆஸ்திரேலியாவில் வேலை செய்யும் என் பெரியப்பா மகன் சென்ற ஆண்டு இறுதியில் தொலைபேசியில் அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் குவீன்ஸ்லாந்தில் ஒரு துப்பாக்கி சுடும் மன்றத்தில் உறுப்பினர். முறையான உரிமம் வைத்திருப்பவர். அங்கே இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் பலர், சுட்டு முடிந்த பித்தளை உறைகளைச் சேர்த்து வைத்து, புதிய மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துகிறார்கள். அண்ணனுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. “தம்பி, நீதான் நூலகத்துலயே குடியிருக்கிறவன். முதல்ல எந்தப் புத்தகத்தை வாங்கலாம்னு பாத்துச் சொல்லு” என்றார்.

ஈப்போவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தோம். ‘தோட்டா’ என்ற சொல் காதில் விழுந்ததுமே பாட்டி, “அந்தப் பேச்சு நம்ம வீட்ல வேணாம்யா” என்று எழுந்து போய்விட்டார்.

பாட்டி பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில். 1948 ஜூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத்தில்தான் மூன்று ஆங்கிலேயத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்ற விதியும் வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பாட்டி அப்போது கைக்குழந்தை. அந்த அச்சம் அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. நம் தோட்டப்புறத்துக் குடும்பங்கள் பலவற்றில் தோட்டா என்பது விளையாட்டுப் பொருளன்று.

ஆகவே நூலைத் தேடும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கடுமையாக்கிய 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் சட்டமும் இருக்கின்றன. வீட்டு மேசையில் தோட்டா நிரப்புவது இங்கே பொழுதுபோக்காக முடியாது. நினைவுப் பொருளாக ஒரு வெற்று உறையைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வரவேண்டாம் என்று அண்ணனிடமே சொல்லியிருக்கிறேன். இக்கட்டுரை உரிமத்தோடு வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும், தவறு செய்தால் திருத்த முடியாத ஒரு தொழிலை நூலின் வழி கற்பது எப்படி என்று அறிய விரும்புவோருக்கும் மட்டுமே.

தாத்தா பால் வெட்டக் கற்றது நூலைப் படித்தன்று. மரப்பட்டையில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டரை விட்டுவைத்து வெட்ட வேண்டும். அதற்கு மேல் ஆழம் போனால் மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அதை அவருக்கு ஒரு மூத்த தொழிலாளி பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தார். கத்தி தவறினால் மரத்துக்குத்தான் காயம்; கங்காணியிடம் ஏச்சு விழும், அவ்வளவுதான். அண்ணன் கற்க விரும்பும் தொழிலில் கைவிரல் போகும், கண் போகும். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தரக்கட்டுப்பாடு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம் கார் டயரில் இருப்பது 30 சொச்சம். மன்றத்தில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் மிக நல்லது. அவர் இல்லாத இரவுகளில் நூல்தான் அவருடைய இடத்தில் நிற்கும்.

முதல் நூலை மதிப்பிட நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது. அது ‘எவ்வளவு’ என்பதற்கு முன் ‘ஏன்’ என்பதைச் சொல்கிறதா? தோட்டா நான்கு பகுதிகளால் ஆனது: பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே பவுடர், முனையில் குண்டு. நாம் பேச்சில் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். மலாயில் ‘பெலுரு’ என்றாலும் இரண்டையும் குறிக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என் போன்றவர்களுக்கு இந்தக் குழப்பம் இருமொழியிலும் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே இவற்றைப் பிரித்துக் காட்டாமல் அட்டவணைக்குத் தாவும் நூலைக் கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது எடை. இத்துறையில் பவுடரையும் குண்டையும் நிறுப்பது கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.4. நம் பத்தர்களின் பழைய குன்றிமணி எடை ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு இந்த அளவு மனத்தில் நின்றது. மின்னணுத் தராசில் கிராமுக்கும் கிரெயினுக்கும் ஒரே பொத்தான்தான் இருக்கும். தமிழில் எழுதிப் பார்த்தாலும் இரண்டும் அண்ணன் தம்பி போல் இருக்கின்றன. ஆனால் இந்தப் பிழை பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்; 15 மடங்கு பவுடர் உறைக்குள் அடங்காது.

காட்டிக்கொடுக்காத பிழைதான் கொடியது. கைத்துப்பாக்கித் தோட்டா சிலவற்றில் இடும் பவுடர் மிகக் கொஞ்சம். மறதியாக இருமுறை இட்டாலும் உறைக்குள் அமைதியாக அடங்கிவிடும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பவுடரே இடாமல் விட்டால் பிரைமரின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதி வழியில் சிக்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். நல்ல நூல் இவ்விரண்டுக்கும் இடம் ஒதுக்கி, உறைகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டைப் பொருத்தும் முன் விளக்கடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்கச் சொல்லும். இந்த ஒரு பத்தி இல்லாத நூல், மற்ற வகையில் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், தொடக்க மாணவனுக்கு ஆகாது.

இந்தச் சோதனையில் முன்னால் நின்றவை இரண்டு. ஒன்று, 1970களில் டீன் கிரென்னல் எழுத, பின்னர் பிறர் புதுப்பித்துவந்த ‘தி ஏபிசிஸ் ஆஃப் ரீலோடிங்’. அதில் அட்டவணையைவிட விளக்கமே மிகுதி. மற்றொன்று லைமன் நிறுவனத்தின் கையேடு. அதன் 50ஆம் பதிப்பு 2016இல் வந்தது. முற்பகுதி பாடம், பிற்பகுதி அட்டவணை. பல நிறுவனங்களின் குண்டுகளையும் பவுடர்களையும் அது தொடுகிறது. ரிச்சர்ட் லீ எழுதிய ‘மாடர்ன் ரீலோடிங்’ படிக்கச் சுவையானது. மனிதர் வெளிப்படையாகப் பேசுகிறார். ஆனால் தம் நிறுவனத்துக் கருவிகளைத் தாமே பாராட்டிக்கொள்வதைத் தாண்டித்தான் படிக்க வேண்டும். ஹார்னடி, ஸ்பியர் போன்ற குண்டு நிறுவனங்களின் கையேடுகள் தரமானவை. எனினும் தங்கள் குண்டுகளுக்கு மட்டுமே அளவு தரும். அவை இரண்டாவது நூலாக வாங்கத்தக்கவை.

இங்கே ஒரு பொறியில் நானே விழப் பார்த்தேன். பழைய நூல் ஒன்று பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பிறகுதான் படித்தேன். முன்பு செப்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு அழுத்தத்தை மதிப்பிட்டார்கள். பின்னர் மின்னுணரிகள் வந்தன. அவற்றால் அளந்தபோது சில பழைய உச்ச அளவுகள் குறைக்கப்பட்டன. இலக்கியத்தில் பழைய பதிப்புக்கு மதிப்பு கூடும், இதில் நேர்மாறு. மறுநாளே அழைத்து என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

பவுடரின் பெயரும் ஏமாற்றும். எச் 4895, ஐஎம்ஆர் 4895 என இரண்டு உண்டு. எண் ஒன்று, பொருள் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்கு எடுக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவிலோ கதை தலைகீழ். அங்கே ஏடிஐ நிறுவனம் ஏஆர் 2208 என்று விற்பதையே அமெரிக்காவில் ஹாட்ஜன் நிறுவனம் வார்கெட் என்ற பெயரில் விற்கிறது. பொருள் ஒன்று, பெயர் இரண்டு. அமெரிக்க நூலை மட்டும் வாங்கிக்கொண்டு அண்ணன் குவீன்ஸ்லாந்துக் கடைக்குப் போனால், அட்டவணையில் உள்ள பெயர் டப்பாவில் இருக்காது. “இது கிட்டத்தட்ட அதுதான்” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லும் அந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து நுழையும். எனவே ஏடிஐ வெளியிடும் கையேட்டையும் பட்டியலில் சேர்த்தேன். கையில் உள்ள டப்பாவைச் செய்தவரின் அட்டவணைதான் முதல் சான்று. அதை இன்னொரு நூலோடு ஒப்பிட்டு, முரண்பட்டால் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். தொடக்க அளவையும் உச்ச அளவையும் தனித்தனியே தராமல் ஒரே எண்ணை மட்டும் தரும் எதையும் நம்பக்கூடாது.

தமிழில் இத்துறைக்கு நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. இங்கே அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் ஆங்கிலக் கையேட்டைப் படிக்கும் தமிழர் ஒருவர் தமக்கென ஒரு சொற்பட்டியல் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அண்ணனுக்கு நான் 30 சொற்களுக்கு அனுப்பினேன். ‘குண்டு’ என்ற சொல்லை முனைப் பகுதிக்கு மட்டும் ஒதுக்கினேன், ‘தோட்டா’ முழுமைக்கு. கிரெயினை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன்.

அண்ணன் லைமன் கையேட்டையும் ஏடிஐ கையேட்டையும் வாங்கியிருக்கிறார். கருவி எதுவும் இன்னும் வாங்கவில்லை. பாடப்பகுதியை முடித்த பிறகுதான் அச்சு வாங்குவேன் என்று சொல்லியிருக்கிறார். இப்போது அழுத்தம் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறாராம். பாட்டியிடம் இதைச் சொன்னேன். “படிக்கிறதோட நிறுத்தச் சொல்லு” என்றார்.