உழவு இயந்திரப் பெட்டியைக் கொளுவுதற்கும் பின்னோக்கிச் செலுத்துதற்கும் ஏற்ற கமராவைத் தெரிவுசெய்தல்

உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழை முதலியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரர் தம் விளைவைத் தோட்டத்திலிருந்து பலாலி வீதிக்குக் கொண்டுவருதற்கு ஒழுங்கைகளையே நம்பியிருக்கின்றனர். ஒருபுறம் கதியால் வேலியும் மறுபுறம் மதிலும் நெருங்கிநிற்கும் ஒழுங்கையுள், நான்கு சில்லு உழவு இயந்திரம் பெட்டியுடன் புகுந்தபின் திரும்புதற்கு இடம் கிடைப்பது அரிது. சென்ற வழியே பின்னோக்கி வருதல் வேண்டும். அல்லது யாரேனும் ஒருவர் வீட்டு முற்றத்துட் பின்புறமாக நுழைந்து திரும்புதல் வேண்டும். முற்றத்திற் கிணறு இருக்கும்; பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருப்பர்.

மோட்டார் வாகனங்களிற் பின்புறத்தைக் காட்டும் கமராக்கள் இப்பொழுது சாதாரணமாகிவிட்டன. அவற்றை உழவு இயந்திரத்திற் பொருத்தலாமா, எவ்வகையானதை வாங்குதல் தகும் என்பதைத் தீர்மானித்தற்கு வேண்டிய விடயங்கள் இங்கே கூறப்படுகின்றன. கார்களுக்கென விற்கப்படும் கமராவை அப்படியே வாங்கிப் பூட்டினால் அது பெட்டியின் முன்பலகையை மாத்திரம் அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவைத்தல் நன்று.

மறைந்திருக்கும் நிலம்

கமரா எதற்காக என்பதை அறிதற்கு ஓர் எளிய சோதனையைச் செய்துபாருங்கள். வெறும் பெட்டியைக் கொளுவிய உழவு இயந்திரத்தைச் சமமான நிலத்தில் நிறுத்தி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆசனத்தில் அமர்ந்து பின்னே திரும்பிப் பாருங்கள். வேறொருவர் ஒரு வாளியைப் பெட்டியின் பின்பலகைக்கு அருகில் வைத்து, அது உங்கள் கண்ணுக்குப் புலப்படும்வரை சிறிது சிறிதாகப் பின்னுக்கு நகர்த்தட்டும். வாளி தெரியத் தொடங்கும் இடத்தைக் காலடியால் அளந்து கொள்ளுங்கள்.

உதாரணமாக, உங்கள் கண் நிலத்திலிருந்து 2.1 மீற்றர் உயரத்திலும், பின்பலகையின் மேல்விளிம்பு 1.4 மீற்றர் உயரத்திலும், இரண்டிற்கும் இடைத்தூரம் 4.5 மீற்றராகவும் இருப்பின், பலகைக்குப் பின்னே 9 மீற்றர் வரையுள்ள நிலம் உங்களுக்குத் தெரியாது. 90 சதமமீற்றர் உயரமுள்ள குழந்தையொன்று பலகையிலிருந்து 3 மீற்றருக்குள் நிற்குமானால் அதன் தலைமயிர்கூடப் புலப்படாது. இது வெறும் பெட்டிக்குரிய கணக்கு. வெங்காயச் சாக்குகளோ வைக்கோலோ ஏற்றப்பட்டிருப்பின் கணக்கே வேண்டியதில்லை. பின்னே ஒன்றும் தெரியாது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாறு பின்னோக்கி வரும் வாகனங்களால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 210 பேர் இறக்கின்றனர் என்றும், அவர்களுள் 31 சதவீதத்தினர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்றும் அந்நாட்டு அரசாங்கம் 2014 இல் மதிப்பிட்டது. 2018 மே மாதம் முதல் அங்கே புதிதாகச் செய்யப்படும் கார் முதலிய சிறு வாகனங்கள் யாவற்றிலும் பின்கமரா இருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சட்டம் உழவு இயந்திரங்களைத் தொடவில்லை. ஆயினும் அது எந்த நிலத்தைக் காட்டவேண்டும் என்று வகுத்ததோ, அந்த அளவு நமக்கும் பயன்படும்: வாகனத்துக்கு நேர்பின்னே 10 அடி அகலமும் 20 அடி நீளமுமான நிலம் திரையில் தெரிதல் வேண்டும்.

இரண்டு வேலை, இரண்டு கமரா

பெட்டியைக் கொளுவுதலும், கொளுவியபின் பின்னோக்கிச் செலுத்துதலும் வேறு வேறான வேலைகள். ஒன்றுக்கு உதவும் கமரா மற்றதற்கு உதவாது.

கொளுவும் வேலைக்கான கமரா உழவு இயந்திரத்தின் பின்புறத்தில், கொளுவிக்கு மேலே, கீழ்நோக்கிச் சாய்வாகப் பொருத்தப்படல் வேண்டும். திரையின் அடிப்பாகத்தில் உங்கள் கொளுவியே தெரிதல் அவசியம். கொளுவி தெரியாவிடின் கடைசி அரை மீற்றரையும் ஊகித்தே ஓட்டுவீர்கள், பணம் வீண். மிக அகன்ற பார்வையுள்ள கமரா, 170 பாகை என விற்கப்படுவது, பொருள்களை உண்மையிலும் தூரமாகக் காட்டும் இயல்புடையது. ஆதலின் இவ்வேலைக்கு 120 பாகையளவு போதுமானது. மேலிருந்து பார்க்கும் கமராவில் உயர வித்தியாசம் புலப்படாது. பெட்டியின் ஏர்க்காலை முட்டுக்கொடுத்துச் சரியான உயரத்தில் முன்னரே நிறுத்திவைத்தல் வேண்டும். கொளுவியின் நடுவிலும் ஏர்க்கால் வளையத்தின் நடுவிலும் வெள்ளைப் பூச்சினால் ஒரு கோடு இட்டால், இரு கோடுகளையும் திரையில் ஒன்றுசேர்ப்பது எளிது.

இந்தக் கமராவினால் வரும் பெரும் நன்மை நேரம் மீதப்படுவதன்று. கமரா இல்லாதபோது, உதவிக்கு நிற்பவர் பெட்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் இடையில் நின்று, ஏர்க்காலைக் கையாற் பிடித்துக்கொண்டு, “வா, வா” என்று அழைப்பதே வழக்கமாக இருக்கின்றது. கிளச்சில் வைத்த கால் வழுகினால் அவருக்கு விலக இடமில்லை. பெரும்பாலும் அவர் வீட்டுப் பிள்ளையாகவோ தம்பியாகவோ இருப்பார். கமராவைப் பூட்டியபின் அவ்விடத்தில் ஒருவரையும் நிற்கவிடலாகாது. வளையமும் கொளுவியும் பொருந்தியதும் இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிறேக்கை இட்டு, நீங்களே இறங்கி ஆணியைச் செருகிக் காவற்கொக்கியையும் மாட்டுங்கள்.

பெட்டி கொளுவப்பட்டவுடன் இந்த முதலாவது கமரா குருடாகிவிடும். பின்செலுத்துதற்குப் பெட்டியின் வாலில் வேறொரு கமரா வேண்டும். அதைப் பின்பலகையிற் பூட்டலாகாது. பொருள் இறக்கும்போது பலகை கீழே விழும், கமராவும் நசியும். பெட்டியின் அடிச்சட்டத்திலே, பின்குறுக்குச் சட்டத்தின் நடுவில், சற்று உள்ளடங்கப் பூட்டுதல் உசிதமானது. வைக்கோல் பின்னே நீண்டு தொங்கினாலும் இங்கிருந்து அதன் கீழாற் பார்க்கலாம். சேறு தெறிக்கும் என்பது உண்மை. அதற்காக உயரத்தில் வைத்து வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருப்பதிலும், இறங்கித் துடைப்பது மேல். வாற்கமராவுக்கு அகன்ற பார்வை வேண்டும். கிணற்றுக்கட்டும் படலைத் தூணும் பக்கங்களில் அல்லவா இருக்கின்றன.

ஒரு கமராவுக்கு மாத்திரமே பணமுண்டு என்போர் வாலில் உள்ளதை முதலில் வாங்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். கொளுவுதலைக் கமராவின்றியும் ஆபத்தில்லாமற் செய்யலாம். உதவியாளரை ஒதுங்கி நிற்கச்சொல்லி, இரண்டு மூன்று முறை இறங்கிப் பார்த்தாற் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வயர் மூலம் படம் வருவதையே தெரிவுசெய்யுங்கள். வயர் இல்லாத மலிவான வகைகளில் வேறு கருவிகளின் அலைகள் குறுக்கிட்டுப் படம் குழம்பும். வேறு சிலவற்றிற் படம் சற்றுத் தாமதித்து வரும். சிலவேளை உறைந்தும் நிற்கும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்திற் பின்னே செல்லும் பெட்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 1.4 மீற்றர் நகரும். படம் வினாடியில் ஐந்திலொரு பங்கு தாமதித்தால், திரை காட்டும் இடத்துக்கு 28 சதமமீற்றர் அப்பாற் பெட்டி இருக்கும். உறைந்த படம் இதனிலும் கொடியது: முற்றம் வெறுமையாக இருந்த வேளையின் படத்தையே அது காட்டிக்கொண்டிருக்கும்.

வயர் வகையில் ஒரு தொல்லை உண்டு. பெட்டியைக் கழற்றும்போது வயரையும் கழற்றவேண்டும். மறந்து ஓட்டினால் அறுந்துவிடும். நான்கு முள் கொண்ட, திருகிப் பூட்டும், மழை புகாத இணைப்பியையும் சுருள்வயரையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியிலுள்ள பாதிக்கு ஒரு மூடியும் இருத்தல் வேண்டும்.

மழையையும் புழுதியையும் தாங்கும் தன்மை ‘ஐ.பி.’ என்னும் எழுத்துகளின் பின்வரும் இலக்கங்களாற் குறிக்கப்படும். முதல் இலக்கம் 6 ஆயின் புழுதி உட்புகாது. செம்மண் தோட்டத்துக்கு இதற்குக் குறைந்தது ஆகாது. இரண்டாவது இலக்கம் 7 ஆயின் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பழுதுறாது. 69கே எனக் குறிக்கப்பட்டது, வேகமாகப் பீய்ச்சும் நீரையும் தாங்கும். பெட்டியைப் பம்பினாற் கழுவுவோர்க்கு இதுவே ஏற்றது. இந்த இலக்கங்கள் கமராவுக்கு உரியவை. திரைக்கு இத்தகைய காப்புப் பெரும்பாலும் இராது. கூரையில்லாத உழவு இயந்திரத்தில் திரையை வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துச்செல்லக்கூடியதாகப் பொருத்தி, வெயில் படாமல் மேலே ஒரு மறைப்பும் இடுதல் வேண்டும். 7 அங்குலத் திரை போதுமானது. கடையின் நிழலிற் பார்த்து முடிவுசெய்யாமல், வெயிலிற் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

படம் கண்ணாடியிற் போலத் தெரிகின்றதா என்பதையும் அங்கேயே பாருங்கள். கமராவின் வலப்புறம் நிற்பவர், நீங்கள் முன்னோக்கி அமர்ந்திருக்கையில் எப்பக்கம் இருக்கின்றாரோ அப்பக்கமே திரையிலும் தெரிதல் வேண்டும். மாறித் தெரிந்தால் நீங்கள் சுக்கானை மாற்றித் திருப்புவது நிச்சயம். திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் தனி வாகனத்துக்கு வரையப்பட்டவை. பெட்டி செல்லும் பாதையை அவை அறியா. அவற்றை நீக்கிவிடுக. பல கமராக்களில் வயரிலுள்ள ஒரு சிறு வளையத்தை வெட்டுவதால் இம்மாற்றங்களைச் செய்யலாம். எந்த வளையம் என்பதை விற்பவரிடம் கேட்டறியுங்கள்.

மின்சாரம்

உழவு இயந்திரப் பற்றரி பொதுவாக 12 வோல்ற்று உடையது. 12 இலும் 24 இலும் இயங்கக்கூடிய கமராவாயின் கவலையில்லை. காரிற் பின்செல்லும் விளக்கின் வயரிலிருந்து கமராவுக்கு மின் எடுப்பர். பல உழவு இயந்திரங்களில் அவ்விளக்கே இராது. ஆகையாற் சாவிக்குப் பின்னுள்ள வயரிலிருந்து ஒரு பியூசும் தனி ஆளியும் வைத்து எடுத்தல் வேண்டும்.

1950, 1960 ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்டு இன்றும் ஓடும் பிரித்தானிய உழவு இயந்திரங்களை உடையோர் ஒன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். அவற்றுட் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே இயந்திர உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கமராக்கள் மறைமுனை உடலோடு சேர்வதையே எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. பார்க்காமற் பூட்டினால் வயர் எரியும்.

இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர் வைத்திருப்போர் கமரா வாங்குவதை நாம் சிபாரிசு செய்யவில்லை. கையாற் சுற்றி இயக்கும் வகைகளிற் பலவற்றுக்குப் பற்றரியே இல்லை. சாரதி பெட்டியின் முன்னே அமர்ந்திருப்பதால், எழுந்து திரும்பிப் பார்ப்பதும் இறங்கிப் பின்னே சென்று பார்ப்பதும் அவருக்கு இலகு. அந்தப் பணத்துக்குப் பின்விளக்கும் ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடும் வாங்கிப் பெட்டியிற் பூட்டட்டும்.

பின்செலுத்தும் முறை

வீதிக்கு வருமுன்னரே இடது, வலது பிறேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். பின்செலுத்தும்போது சுக்கானின் கீழ்ப்பாகத்தை ஒரு கையாற் பிடித்து, பெட்டியின் வால் எப்பக்கம் செல்லவேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்துங்கள். கண்ணாடிபோற் காட்டும் திரையில் இந்தப் பழக்கம் விரைவில் அமையும். சிறிதாகத் திருப்பி, பெட்டி மடியத் தொடங்குமுன் நேராக்குக. மடிந்துவிட்டால் வலிந்து தள்ளாமல் முன்னே சென்று நேராக்கிவருதல் வேண்டும். தள்ளினால் ஏர்க்கால் பின்சில்லில் முட்டும்.

புறப்படுமுன் இறங்கிப் பெட்டியை ஒருமுறை சுற்றி வருக. கமராவைத் துணியாற் துடைத்து, அதன்முன் கையை அசைத்து, ஆசனத்துக்கு அருகில் நிற்பவரிடம் திரையிற் கை அசைகின்றதா என்று கேளுங்கள். முற்றத்திற் பிள்ளைகள் இருப்பின் பெரியவர் ஒருவர் அவர்களைக் கையிற் பிடித்துக்கொண்டு, உங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் நிற்றல் வேண்டும். அவர் மறைந்தால் உடனே நிறுத்துங்கள், திரையில் ஒன்றும் இல்லாவிடினும்.

காலபோக உழவு தொடங்குமுன் இணைப்பிகளைக் கழற்றிப் பாருங்கள். செப்பிற் பச்சை படிந்திருந்தால் உலர்ந்த துணியாற் துடைத்துச் சிறிது வசிலீன் பூசுக. சுழற்கலப்பை பூட்டும் நாட்களிற் கொளுவிக் கமராவைக் கழற்றிவைத்தல் வேண்டும். மேலே தூக்கும்போது கலப்பையின் சட்டம் அதில் இடிக்கும்.