வீட்டுக் கடன்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

தாராவியின் ஒற்றை அறையை விட்டுச் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ சொந்த வீடு காண விழையும் நம்மவர், அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் சிலவகை அடமானக் கடன்களைக் கையெழுத்திட்ட பின்னும் மூன்று நாட்களில் ரத்து செய்ய இடமளிப்பதைக் கேள்வியுற்று, அத்தகைய பொது உரிமை இங்கும் உண்டென மயங்கலாகாது. நமக்குரிய பாதுகாப்பு பெரும்பாலும் கையெழுத்துக்கு முன்னரே அமைந்திருக்கிறது.

● ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல், வட்டியும் சகல கட்டணங்களும் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை, கடன் பெறுபவர் அறிந்த பாஷையில் தந்து விளக்க வேண்டும். தமிழே தெரியுமெனில் தமிழிலேயே கேளுங்கள்.

● அதைப் படித்து முடிவு செய்யக் குறைந்தது 3 வேலை நாட்கள் அவகாசம் உண்டு, அவசரப்படுத்துவோருக்கு இணங்காதீர்கள்.

● அதில் காணாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கலாகாது.

● பணம் கைக்கு வருமுன், கடன் அனுமதியான தேதியிலிருந்தே வட்டி கணக்கிடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் கண்டித்திருப்பதால், முதல் மாதக் கணக்கைச் சரிபாருங்கள்.

● கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்கள் திரும்ப வேண்டும். கடன் தந்தவரால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

பிழை கண்டால் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அத்தாட்சி பெற்று, 30 நாட்களில் பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடுங்கள். விவரமறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.