மேல்கட்டிலா, கீழ்க்கட்டிலா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சிங்கப்பூருக்கு உனக்குப் பெர்மிட் வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். ஊரில் எல்லாரும் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். நீ ஒருத்தன்தான், "தங்குற இடம் எப்படி மாமா இருக்கும்?" என்று கேட்டாய். பதினோரு வருஷம் அங்கே டாமிட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில், கிடந்தவன் நான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

விமானம் ஏறுமுன் ஐ.பி.ஏ. கடிதத்தை, அதாவது பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, எடுத்துப் படி. தமிழிலும் தருவார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடத்துக்கு மாதாமாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்னை அனுப்பிய ஏஜெண்ட் "ரூம் ஃப்ரீ" என்றான். முதல் சம்பளத்திலேயே பிடித்தம் விழுந்தது. கடிதம் என் பெட்டிக்குள்தான் இருந்தது, பிரித்துப் பார்க்கவே இல்லை. நான் யாரைப் போய்க் கேட்க?

சிங்கப்பூர் என்றதும் நீ நினைக்கிற அடுக்குமாடி வேறு. அரசாங்கம் கட்டிய வீடுகளில் வாடகைக்குத் தங்க, கட்டட வேலைக்குப் போகும் நம்மாட்களுக்கு அனுமதி கிடையாது. மலேசியக்காரர்களுக்கு உண்டு. நமக்கு டாமிட்டரி. பெரிய டாமிட்டரிகள் பெரும்பாலும் துவாஸ், கிராஞ்சி, பெஞ்சூரு என்று தீவின் ஓரத்துத் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும். லாரியில் போய் லாரியில் வருவாய்.

அறைக்குள் நுழைந்ததும் கட்டில்களை எண்ணு. புது டாமிட்டரிகளுக்கு 2021இல் ஓர் அளவு வைத்தார்கள்: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி, ஆறு பேருக்கு ஒரு கழிவறை. 4.2 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் 45 சதுர அடி. தாத்தாவின் கயிற்றுக் கட்டில் இரண்டைப் போட்டு, பக்கத்தில் செருப்பும் பெட்டியும் வைக்கலாம். அவ்வளவுதான். பழைய கட்டடங்களுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்: 2030க்குள் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர், 2040க்குள் முழு அளவு. நீ போவது பழையதாகத்தான் இருக்கும். நான் இருந்த அறையில் பதினாறு பேர்.

இந்த அளவு சும்மா வரவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது பொங்கோலிலும் தோ குவானிலும் இரண்டு டாமிட்டரிகளை முதலில் அடைத்தார்கள். பிறகு எங்கள் எல்லாரையும். டாமிட்டரிகளில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தோம். வருஷக் கடைசியில் பார்த்தால் 47 சதவீதம் பேருக்குக் கொரோனா வந்துபோயிருந்தது. ஒரே குழாயில் பல் விளக்கி ஒரே லாரியில் ஏறுகிறவர்களிடம் இடைவெளி விடச் சொன்னால் எங்கே விடுவது? ஊர் திறந்து வெகுநாள் கழித்தும் நாங்கள் வெளியே போக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனிச் சோறு. கேட்டரிங்கில் சேராதே என்று சொல்ல மாட்டேன். முதல் மாதம் வேறு வழி இருக்காது. விடிவதற்கு முன்னே பொட்டலம் வந்துவிடும். மத்தியானம் சைட்டில் பிரித்தால் குழம்பு புளித்த வாடை அடிக்கும். சீக்கிரமே ஒரு சமையல் கூட்டில் சேர்ந்துகொள். எங்கள் கூட்டில் ஆறு பேர். ராத்திரி வேலை முடிந்து பொதுச் சமையலறையில் அடுப்புக்கு வரிசை நிற்க ஒருத்தன், அதற்குள் கீழே குந்தி வெங்காயம் அரிய ஒருத்தன், கடைசியாக வருகிறவனுக்குப் பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் கோழியும் மசாலாவும் வாங்கி, செலவை ஒரு நோட்டில் எழுதி ஆறால் வகுப்போம். நோட்டு எழுதுகிற வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொள். பத்து காசு தப்பினாலும் அன்றைக்கே சொல்லிவிடு. நான் பார்த்த ரூம் சண்டைகளில் பாதி மீன் துண்டுக் கணக்கில் ஆரம்பித்தவை.

நைட் ஷிஃப்ட்காரன் தூங்கும்போது லைட்டைப் போடாதே. அம்மாவோடு போனில் பேச வராந்தாவுக்குப் போ. பக்கத்துக் கட்டில்காரன் பெங்காலியாக இருந்தால் ஆறேழு வார்த்தை கற்றுக்கொள்; அவன் உன்னிடம் தமிழ் கற்றுக்கொள்வான், கெட்ட வார்த்தை முதலில். மூட்டைப்பூச்சி இரும்புக் கட்டிலின் மூட்டு இடுக்கில்தான் குடியிருக்கும். வெந்நீர் ஊற்று. ஆனால் ரூமில் எல்லாரும் ஒரே நாளில் ஊற்றினால்தான் போகும். ஒருத்தன் மட்டும் செய்தால் பூச்சி பக்கத்துக் கட்டிலுக்குப் போய்த் திரும்பி வரும்.

பாஸ்போர்ட்டை உன் அலமாரியில் பூட்டி வை. கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே குற்றம். சம்பளப் பிரச்சினை வந்தோ அடிபட்டோ நீ வேலையில்லாமல் நின்றால், லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 என்ற தொழிலாளர் உதவி அமைப்பு 2008 முதல் இலவசமாகச் சோறு போடுகிறது. அங்கே போக வெட்கப்படாதே.

கட்டில் விஷயம் ஒன்று பாக்கி. புதிதாக வருகிறவன் கீழ்க்கட்டிலுக்கு ஆசைப்படுவான், ஏறி இறங்க வேண்டாமே என்று. கீழ்க்கட்டில் ரூமுக்கே திண்ணை. சாப்பிடுகிறவன், ஷூ மாட்டுகிறவன், சீட்டு ஆடுகிறவன் எல்லாரும் உன் மெத்தையில்தான் உட்காருவார்கள். தனிமை வேண்டுமென்றால் கைலியைத் திரையாகக் கட்டி மறைத்தால்தான் உண்டு. மேல்கட்டிலில் வெக்கை அதிகம், ஆனால் யாரும் ஏறி வந்து உட்கார மாட்டார்கள். நான் பதினோரு வருஷமும் மேலேதான் படுத்தேன். உனக்கு எது கிடைத்தது என்று போனதும் சொல்லு.

இப்படிக்கு,
மாமா