விஸ்காம் பட்டம்: ஐந்து பகுதிகளையும் பாருங்கள்

நம் பிள்ளைகள் விஷுவல் கம்யூனிகேஷன் சேருவதைக் கண்டு மகிழ்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். கேமரா, எடிட்டிங் தாள்களில் தேறிவிட்டாலே பட்டம் கிடைத்துவிடாது.

சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் மூன்றாண்டில் 140 கிரெடிட் சேர வேண்டும். முதல் பகுதி மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மை, துணைப் பாடங்கள். இவற்றில் குழப்பம் வராது.

நம் வீடுகள் கவனிக்க வேண்டியது நான்காம் பகுதி. மதரஸாவில் ஓதிய பிள்ளை முதல் பகுதியில் அரபியோ உருதுவோ எடுப்பது இயல்பு; நல்லதும்கூட. ஆனால் "இனித் தமிழ் இல்லை" என்று இருந்துவிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்தவர் சிறப்புத் தமிழும், படிக்காதவர் அடிப்படைத் தமிழும் இரண்டிரண்டு தாள் இங்கே முடிக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாடமும் இதில்தான் வருகிறது.

ஐந்தாம் பகுதி என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி. ஒரே கிரெடிட்தான், அது இல்லாமல் 140 நிறையாது. குறும்பட ஷூட்டிங் என்று வகுப்பை விட்டால் 75 சதவீத வருகையும் குறையும்.

பருவத் தொடக்கத்தில் பாடப் பதிவுப் படிவத்தில் கையெழுத்திடுமுன் மதிப்பெண் பட்டியலோடு டிரஸ்ட் அலுவலகம் வாருங்கள். கூட உட்கார்ந்து சரிபார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.