மனத்துயர் நீடித்தால் யாரை நாடுவது?

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பம் 2023 டிசம்பரை மறந்திருக்காது. வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. மீன்பிடித் தொழில் முடங்கியது. இத்தகைய இழப்புகளுக்குப் பின் உறக்கமின்மை, எரிச்சல், எவரோடும் பேச விரும்பாமை ஆகியன தோன்றக்கூடும். அவை வாரக்கணக்கில் நீடித்தால் உளவியல் ஆலோசனை பெறுமாறு மருத்துவர் கூறுவார். “ஆறுதல் சொல்ல நாங்கள் போதாதா?” என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. அதற்கான விடை, ஆலோசனை வழங்குவோர் பெற்ற கல்வியில் இருக்கிறது.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்தபின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருபவர் இவரே.

மருத்துவ உளவியலாளர்: உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயின்றவர். மேற்பார்வையுடன் கூடிய நேரடிப் பயிற்சியும், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரமும் அக்கல்விக்கு இருத்தல் வேண்டும் என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குறிப்பிடுகிறது. நினைவாற்றல், அறிவுத்திறன் முதலியவற்றைச் சோதித்தல், பேச்சுவழிச் சிகிச்சை அளித்தல் ஆகியன இவர் பணிகள்.

உளவியல் ஆலோசகர்: ஆலோசனை உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். துக்கம், குடும்பப் பூசல், தேர்வு அச்சம் போன்றவற்றில் துணை நிற்பவர். நோய் கடுமையாயின் மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்.

இக்கல்வி என்ன மாற்றத்தைத் தருகிறது? உறங்காத ஒருவரிடம் நாம், “கவலையை விடு” என்போம். பயின்றவரோ, எப்போது விழிப்பு வருகிறது, மதுப்பழக்கம் கூடியுள்ளதா, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுகிறதா என்று நிதானமாகக் கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்கக் குடும்பத்தார் அஞ்சுவர். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மாறாக, உள்ளே அடக்கி வைத்த துயரத்தைச் சொல்ல வழி பிறக்கிறது. அவ்விடையைப் பதறாமல் கேட்டு, அடுத்துச் செய்யவேண்டியதைச் செய்வதற்கே பயிற்சி தேவைப்படுகிறது.

சில வாரப் பயிற்சிச் சான்றிதழுடன் ஆலோசனை வழங்குவோரும் உளர். ஆதலால், “என்ன படித்திருக்கிறீர்கள்? எங்கே பயிற்சி பெற்றீர்கள்?” என்று கேட்கத் தயங்க வேண்டா. மருத்துவ உளவியலாளராயின், மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண்ணையும் கேட்கலாம். இக்கேள்விகள் அவமதிப்பாகா.

நோயாளி கூறுவனவற்றை இரகசியமாகக் காத்தல் மேற்சொன்ன சட்டம் தரும் உரிமையாகும். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களே விதிவிலக்கு. எனவே, “உள்ளே என்ன பேசினாய்?” என்று வற்புறுத்தாமல் இருத்தலும் குடும்பத்தார் செய்யும் உதவியே.

வடசென்னையில் வாழ்வோர் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தையோ நாடலாம். ‘டெலி மானஸ்’ கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14416. இரவிலும் பகலிலும் அழைக்கலாம். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் நோயாளியைத் தனியே விடாது, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருக.