அலாஸ்கா நெடுஞ்சாலையில் கரடி பார்க்க: முழுமையான வழிகாட்டி

எங்கே போகிறோம்?

1942இல், போர்க்காலத்தில், அமெரிக்க ராணுவம் அவசரமாகப் போட்ட சாலை இது. கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி, அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடிகிறது. நீளம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். முழுவதையும் ஓட்டத் தேவையில்லை. நமக்கு வேண்டியது வாட்சன் லேக் ஊருக்கும் மன்ச்சோ ஏரிக்கும் நடுவிலுள்ள காட்டுப்பகுதி.

எப்போது?

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை. குளிர்கால உறக்கம் கலைந்து வரும் கரடிக்குக் காட்டுக்குள் தீனி குறைவு. சாலையின் இருபுறமும் மரம் வெட்டி அகலமாக விட்டிருப்பதால், வெயில் பட்டு அங்கேதான் புல் முதலில் தளிர்க்கும். அதை மேயத்தான் கரடி வருகிறது. ஆமாம், மாடு மாதிரி தலையைக் குனிந்து புல் மேயும்! ஆகஸ்ட்டில் பெர்ரிப் பழங்களைத் தேடிப் புதர்களுக்குள் போய்விடும். பள்ளி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். புல்லைப் பார்த்துக் குறியுங்கள்.

எப்படிப் போவது?

முதலில் கனடா விசா. பிறகு வான்கூவரிலிருந்து வைட்ஹார்ஸுக்கு விமானம். அங்கேயே கார் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுப்போம். வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நம் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

வைட்ஹார்ஸிலிருந்து வாட்சன் லேக் சுமார் 440 கிலோமீட்டர். அங்கே இரவு தங்கலாம். மறுநாள் லியார்ட் வெந்நீர் ஊற்று, சுமார் 215 கிலோமீட்டர். குளித்துவிட்டு இன்னும் 60 கிலோமீட்டர் போனால் மன்ச்சோ ஏரி. அதே வழியில் திரும்பி வருவோம். போகும்போது தவறவிட்டதை வரும்போது பார்த்துவிடலாம்.

எவ்வளவு ஆகும்?

விசாவுக்கு 100 கனடா டாலர், கைரேகைப் பதிவுக்கு 85. போய்வர ஏறக்குறைய 1,430 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் என்றால் 143 லிட்டர் பெட்ரோல். ஊரைவிட்டு விலகிப் போகப்போக விலை ஏறும். பாதி டேங்க் இருந்தாலும் பங்க் கண்ணில் பட்டால் நிரப்பிவிடுவோம். கரடி நெருங்கினால் விரட்டுவதற்கான கரடி ஸ்பிரே ஏறக்குறைய 50 டாலர். பெரிய செலவு விமானமும் வாடகைக் காரும்தான். முன்பதிவில் மிச்சம் பிடிக்க முடிவது அங்கேதான். தங்கும் விடுதிகள் மிகக் குறைவு, அதையும் முன்பே பிடித்துவிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையிலும் சாயங்காலத்திலும் வேகத்தைக் குறைத்து ஓட்டுவோம். ஜூனில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் புல்வெளியைப் பார்க்கட்டும். எரிந்த மரக்கட்டை மாதிரி தெரிவது அசைந்தால், அதுதான்.

பெரும்பாலும் கருங்கரடி. கிரிஸ்லி கரடியும் உண்டு. நிறத்தை நம்ப வேண்டாம். கருங்கரடியிலேயே பழுப்பு நிறம் இருக்கிறது. தோளில் திமில் போன்ற மேடு, குழிந்த முகம், நீண்ட நகம் தெரிந்தால் கிரிஸ்லி.

எச்சரிக்கை

கரடியைப் பார்த்ததும் நடுச்சாலையில் பிரேக் போடாதீர்கள். பின்னால் லாரி வரும். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துங்கள், காரைவிட்டு இறங்காதீர்கள். மேய்வதை நிறுத்தி நம்மையே பார்த்தால் தொந்தரவு செய்கிறோம் என்று பொருள், கிளம்பிவிடுவோம். பிஸ்கட் கூடப் போடக் கூடாது. அது சட்டப்படி குற்றம். மனிதரிடம் தின்னப் பழகிய கரடியைக் கடைசியில் சுட வேண்டிவரும்.

லியார்டுக்கும் வாட்சன் லேக்குக்கும் நடுவே காட்டெருமை மந்தை சாலையிலேயே நிற்கும், ஹாரனுக்கு நகராது. இருட்டில் ஓட்ட வேண்டாம். பல மணி நேரம் போனுக்கு சிக்னலும் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

நடந்து போகும் இடங்களில் பேசிக்கொண்டே போவோம், ஸ்பிரே இடுப்பில் இருக்கட்டும். எதிரே கரடி வந்தால் ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். நெருங்கி வந்தால்தான் ஸ்பிரே, அதுவும் கரடியின் முகத்தை நோக்கி. கொசு மருந்தென்று நினைத்து உடம்பில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. அது மிளகாய்க் காரம்! விமானத்தில் இதைக் கைப்பையிலும் அனுமதிக்க மாட்டார்கள், பெட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள். வைட்ஹார்ஸில் வாங்கி, திரும்பும்போது அங்கேயே விடுதியில் கொடுத்துவிட்டு வாருங்கள்.